பொம்பிளை வீட்டார்

குணரத்தினத்துக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் மொன்றியலில் அவர் தாரை வார்த்துக் கொடுத்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அவருக்கே கணக்குத் தெரியாது. ஊரிலிருந்து வருகிற பெண்ணின் தாய் தகப்பனுக்கு லேசில் விசா கிடைப்பதில்லை. மணவறையில் ஐயர், "பொம்பிளையின்ர தாய் தகப்பன் வாங்கோ" என்று கூப்பிடும்போது யாராவது ஒரு சோடி எழும்பிப் போகத்தானே வேண்டும். அந்தச் சோடிதான் குணரத்தினமும் குணேஸ்வரியும். இதற்கென்றே அவரிடம் ஒரு பட்டு வேட்டி இருக்கிறது. ஒவ்வொரு கல்யாணமும் முடிய, சலவைக்குக் கொடுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறை கழற்றாமல் அலுமாரியில் ஹாங்கரில் தொங்கவிட்டிருப்பார். டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் கோப்பை கழுவியே ஓய்வு பெற்ற மனுசன். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு சபையில் நிற்பதென்றால் அவருக்கு ஒரு தனிப் புளுகம், மனம் நிறைந்த சந்தோசம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

கஜந்தினி வந்து இறங்கியது பங்குனியில். உருகவும் மாட்டேன், கிடக்கவும் மாட்டேன் என்று பனி அழிச்சாட்டியம் பண்ணுகிற மாதம். மாப்பிள்ளை ரதீசன் முந்தின வருசம் லீவில் போய், கொழும்பில் எழுத்து எழுதி, கல்யாணத்தைப் பதிந்துவிட்டு வந்து, ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டிருந்தான். தாலிகட்டு இங்கே, டொலார்ட் முருகன் கோயிலில். எங்கள் ஆட்களுக்கு எழுத்து என்பது பாதிக் கல்யாணம்தான். தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளை வீட்டில் கால் வைக்கக் கூடாது. அதனால் ஏர்போட்டிலிருந்து நேரே கோட்-தே-நேஜில் இருக்கிற குணரத்தினத்தின் அப்பார்ட்மென்றுக்குத்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். கல்யாணம் முடியும்வரை அதுதான் பொம்பிளை வீடு. சம்பந்தத்தைப் பேசி முடித்த கிருபானந்தன், "குணமண்ணை இருக்க என்ன கவலை" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டார்.

வந்த நாள் தொடக்கம் பெட்டை பயந்தபடிதான் இருந்தாள். சூட்கேசைத் திறந்து அன்றைக்குத் தேவையான உடுப்பை மட்டும் எடுப்பாள். பிறகு பூட்டி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி வைப்பாள்.

"ஏன் பிள்ளை, அலுமாரியில இடமிருக்கே. எடுத்து அடுக்கன்" என்றாள் குணேஸ்வரி.

"இருக்கட்டும் பெரியம்மா. எப்பிடியும் அங்கை போகத்தானே வேணும்."

'அங்கை' என்று சொல்லும்போது அவளுடைய குரல் இறங்கும். ரதீசன் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான். பண்பாகத்தான் கதைப்பான். ஆனால் அவன் கேட்கிற கேள்விகள்தான் ஒரு மாதிரி. ஒருநாள், "உமக்கு நித்திரை எப்பிடி? சின்னச் சத்தம் கேட்டாலும் முழிப்பீரோ?" என்று கேட்டான். இன்னொரு நாள், "எங்கட இல்-பிசார் தீவில பஸ் குறைவு. பரவாயில்லை, உமக்கு வெளியில போற தேவை வராது. எல்லாம் வீட்டுக்கை இருக்கு" என்றான். மாமியோடு ஒரு வார்த்தை கதைக்கலாமா என்று இவள் கேட்டால், அம்மா குளிக்கிறா, அம்மா நித்திரை, அம்மா கும்பிடுறா. இவள் போனை வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பாள்.

குணேஸ்வரிக்கு ஒரு பழைய கல்வீட்டு மியூசியத்தில் துப்புரவு வேலை. தனிய வீட்டில் இருக்கப் பயமாயிருக்கிறது என்று கஜந்தினி சொன்னதால், ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். தடித்த கல்லுச் சுவர், பதிந்த முகடு, பெரிய அடுப்படி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் வந்திருந்தார்கள். யோசெப்பின் என்கிற கியூபெக்காரி அவர்களுக்கு பிரெஞ்சில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தும்புத்தடியோடு நின்ற குணேஸ்வரியின் பக்கத்தில் போய் நின்றாள் கஜந்தினி.

"என்ன சொல்லுறா பெரியம்மா?"

"அந்தக் காலத்துக் கதை. முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி இஞ்சை வந்து காடு வெட்டினது முழுக்க ஆம்பிளையளாம். பொம்பிளையள் கொஞ்சப்பேர்தானாம். அதாலை பிரான்சு ராசா குமர்ப்பிள்ளையளைக் கப்பலில ஏத்தி அனுப்பினவராம். தாயில்லாததுகள், தகப்பனில்லாததுகள். சீதனம் ராசான்ர செலவு."

"வந்து எங்கை நிண்டவை?"

"இந்த வீட்டிலதான். கன்னியாஸ்திரிமார் பொறுப்பெடுத்து வைச்சிருந்தவை. ஆம்பிளையள் இஞ்சை வந்துதான் பொம்பிளை கேக்கிறது."

"ஆம்பிளையள் வந்து தெரிஞ்சு கொண்டு போறதோ?"

குணேஸ்வரி தனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் யோசெப்பினிடம் கேட்டாள். யோசெப்பின் சிரித்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னாள்.

"இல்லையாம் பிள்ளை. பெட்டையள்தான் கேள்வி கேக்கிறதாம். முதல் கேள்வி, உனக்கு வீடு இருக்கோ, அது எப்பிடி வீடு எண்டு. சரியெண்டால் பேந்து நொத்தாரிசிட்டப் போய் எழுதுவினமாம். எழுதினாலும், கோயிலுக்குப் போக முந்தி மனம் மாறினால் எழுதினதைத் தள்ளிவிடலாமாம். கனபேர் அப்பிடித் தள்ளினவையாம்."

"எழுதினாப் பிறகோ?"

"ஓம், எழுதினாப் பிறகும்."

அந்தக் காலத்துக் கட்டில் ஒன்றைச் சுவரோடு சாத்திப் போட்டிருந்தார்கள். கஜந்தினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"எங்கட பக்கத்தால ஆர் பெரியம்மா அவையின்ர வீட்டைப் போய்ப் பாத்தது?"

குணேஸ்வரிக்குச் சுருக்கென்றது. இத்தனை பெட்டைகளைக் கைபிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஒருத்தியும் இதை அவளிடம் கேட்டதில்லை. இறங்க வேண்டிய இடம் வரும்வரை பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பலகாரச் சூடு. நல்ல நேரம் பார்த்து அடுப்பு மூட்டி, கல்யாணத்துக்கு முதற் பலகாரம் சுடுவது பொம்பிளை வீட்டு வேலை. ஸ்மோக் அலாரம் கத்தாதிருக்க, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டார் குணரத்தினம். யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்ததில் ஒரு பக்கத்தால் குளிர்காற்று, மற்றப் பக்கத்தால் எண்ணெய் வெக்கை. பயித்தம் பணியாரத்துக்கு மாவைக் குழைத்து உருட்டி முதலில் சுட்டெடுத்தாயிற்று. முறுக்கு உரலைக் கஜந்தினியிடம் கொடுத்தால் கை நடுங்கி, வட்டம் வட்டமாக விழவேண்டியது துண்டு துண்டாக விழுந்தது. கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் நடுங்குகிற கை எதற்கென்று குணேஸ்வரி உரலைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டையின் தாய் ஊரிலிருந்து வீடியோவில் வந்தாள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தார்கள். முறுக்கைக் கண்டதும் தாய்க்குக் கண்கலங்கிவிட்டது.

"அக்கா, நான் பெத்த தாய் இஞ்சை இருக்க, நீங்கள் அங்கை நிண்டு எல்லாம் செய்யிறியள். இந்தக் கடன் எப்பிடித் தீர்க்கப்போறன். நீங்கள் வீடுவாசல் பாத்து, மாப்பிள்ளையின்ர தாயோடயும் கதைச்சு, நல்ல இடம் எண்டு சொன்னபடியால்தான் மனந்துணிஞ்சு பிள்ளையை அனுப்பினனான்."

குணேஸ்வரி உரலைப் பிழிவதை நிற்பாட்டினாள்.

"ஆர் சொன்னது, நான் பாத்தனெண்டு?"

"கிருபானந்தன் அண்ணைதான். பொம்பிளை வீட்டுக்காரர் அங்கை எல்லாம் விசாரிச்சு முடிச்சிட்டினம், நீங்கள் யோசிக்காதேங்கோ எண்டவர்."

சட்டியில் கிடந்த முறுக்கு கருகிய மணம் எழும்பியது. குணேஸ்வரி அடுப்பை நூர்த்துவிட்டு, பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தாள். கஜந்தினி சுவரோடு ஒட்டிப்போய் நின்றாள். குணரத்தினம் ஒரு பயித்தம் பணியாரத்தை வாய்க்குள் போட்டபடி வந்தார்.

"கிருபானந்தன் உங்களிட்ட என்ன சொன்னவர்?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

"என்னத்தைப் பற்றி?"

"மாப்பிள்ளை வீட்டைப் பற்றி."

"ஊரில எல்லாம் வடிவா விசாரிச்சுத்தான் ஓமெண்டவை எண்டான்."

"அவைக்கு, நாங்கள் விசாரிச்சனாங்கள் எண்டு சொல்லியிருக்கிறார். எங்களுக்கு, அவை விசாரிச்சவை எண்டு சொல்லியிருக்கிறார். கடைசியில ஒரு மனுசரும் அந்தப் படி ஏறிப் பாக்கேல்லை."

குணரத்தினம் மென்று விழுங்கினார். "இஞ்சேரப்பா, நாங்கள் என்னத்தை விசாரிக்கிறது? நாங்கள் தாரை வாக்கிற ஆக்கள். அது சும்மா ஒரு சடங்குக்கு."

"சடங்கு உங்களுக்கு. இந்தப் பிள்ளைக்குச் சீவியம்."

"கோயில் ஹோல் எடுத்து, கலியாணக் காட் குடுத்து, உலகத்துக்கே சொல்லியாச்சு. இப்பப் போய் வீடு பாக்கப்போறம் எண்டால் என்ர மரியாதை என்னாகிறது?"

"மரியாதையை வேட்டியோட அலுமாரிக்கை தொங்கவிடுங்கோ. நாளைக்கு இந்தப் பலகாரத்தைக் கொண்டு போறம்."

"நானும் வாறன்" என்றாள் கஜந்தினி.

"தாலி ஏற முந்தி நீ அந்த வாசல் மிதிக்கக் கூடாது பிள்ளை."

"நான் காருக்குள்ளை இருக்கிறன் பெரியப்பா. வீட்டை வெளியால பாத்தாலும் காணும்."

அவள் கெஞ்சவில்லை, பயம் பிடித்த முகத்தோடு சொன்னாள், அவ்வளவுதான். குணரத்தினம் சரி சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார்கள். பாலத்தைக் கடக்கும்போது ஆறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பாளங்களுக்கு இடையில் தண்ணீர் கறுப்பாய் ஓடியது. கஜந்தினி யன்னலுக்குக் கிட்டப் போய் அதைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டாள். தீவுக்குள் வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நின்றன. தெருவில் ஒரு குஞ்சு இல்லை. பஸ் தரிப்பின் கம்பத்தை அரைவாசிக்குமேல் பனி மூடியிருந்தது. இங்கே ஒரு பெட்டை கோபித்துக்கொண்டு வெளியில் வந்தால் எந்தப் பக்கம் நடப்பாள் என்று குணேஸ்வரி யோசித்தாள்.

வீடு நல்ல வீடுதான். செங்கல் வீடு, இரண்டு மாடி, கராஜ். மணியடித்து வெகுநேரம் கழித்துத்தான் ரதீசன் கதவைத் திறந்தான். திறக்கும்போது கதவில் கட்டியிருந்த சின்னச் சின்ன மணிகள் கிணுகிணுத்தன. அவனுடைய சேட் நனைந்திருந்தது. நாற்பதை எட்டுகிற வயது. கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"மாமா, மாமி... சொல்லாமல் வந்திருக்கிறியள்."

"முதல் பலகாரம் தம்பி. அம்மான்ர கையில குடுத்திட்டுப் போவம் எண்டு வந்தம்" என்றாள் குணேஸ்வரி.

"அம்மா நித்திரை மாமி. என்னட்டைத் தாங்கோ."

குளிர்காற்று உள்ளே வருகிறதென்று சாட்டுச் சொல்லிக் குணேஸ்வரி படியேறி உள்ளே போய்விட்டாள். குணரத்தினம் தட்டத்தைப் பிடித்தபடி பின்னால் போனார். வீடு துப்புரவாக இருந்தது. அப்படித்தான் முதலில் பட்டது. பிறகு குசினியைப் பார்த்தாள். அடுப்பின் திருகுகள் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. கத்தி ஒன்றும் கண்ணில் படவில்லை. மேசை மூலைகளுக்குப் பஞ்சு சுற்றியிருந்தது. சின்னப் பிள்ளை இல்லாத வீட்டில் இதெல்லாம் என்னத்துக்கு என்று நினைக்கிறபோதே மேல்மாடியில் யாரோ கதவில் தட்டினார்கள். நிற்பாட்டாமல், ஒரே சீராகத் தட்டினார்கள்.

"ஆர் தம்பி மேல?"

ரதீசன் வாயைத் திறக்கமுன் வாசல் மணிகள் திரும்பக் கிணுகிணுத்தன. கஜந்தினி சப்பாத்தோடு உள்ளே வந்து நின்றாள். மேல் யன்னலில் ஒரு கையைக் கண்டேன் என்றாள். யாரும் மறிக்கமுன் படியேறினாள். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள்.

அறைக்கதவின் வெளிப்பக்கத்தில் பித்தளையில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. புதுசு. அதைப் பார்த்ததும் கஜந்தினியின் கால்கள் நின்றுவிட்டன.

"இந்தத் திறாங்கு ஆருக்கு?" என்று கேட்டாள். எழுத்து எழுதிய புருசனை அவள் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்ட முதற் கேள்வி அது.

"அம்மாவுக்கு" என்றான் அவன்.

தாழ்ப்பாளை அவன்தான் இழுத்தான். உள்ளே அவனுடைய தாய் சிவநேசம் கதவோடு நின்றாள். தலை எண்ணெய் வைத்து வழித்து இழுத்துப் பின்னியிருந்தது. தோய்த்த சட்டை, காலில் கம்பளி மேசு. ஒரு குறையும் இல்லாமல் பார்க்கப்பட்ட மனுசி. கண் மட்டும் எல்லாரையும் தாண்டி எங்கேயோ நின்றது. கஜந்தினியைக் கண்டதும் அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, நீ வீட்டை போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போறியோ? இவங்கள் என்னைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள்."

கஜந்தினி கையை உதறவில்லை. தட்டத்திலிருந்து ஒரு பயித்தம் பணியாரத்தை எடுத்து, உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழவியின் வாயில் வைத்தாள். சிவநேசம் சப்பிச் சாப்பிட்டாள். பிடியைத் தளர்த்தவேயில்லை.

"போன மாரிக் குளிருக்கை சப்பாத்தில்லாமல் ஆத்தடிக்குப் போயிட்டா" என்று ரதீசன் குனிந்தபடி சொன்னான். "பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் கண்டபடியால் உயிரோட இருக்கிறா. அண்டைக்குத்தான் திறாங்கு போட்டனான். நான் வேலைக்குப் போகவேணும் மாமி. நித்திரை கொண்டு எவ்வளவு காலம் தெரியுமே?"

குணேஸ்வரிக்கு அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. "உதவிக்கு ஆள் கேட்டிருக்கலாமே தம்பி. அரசாங்கம் வீட்டுக்கு ஆள் அனுப்புமே."

"ஆள் வந்து போனால் எங்கட சனத்துக்குத் தெரிய வரும். தாய்க்கு இப்பிடியெண்டு தெரிஞ்சால் எனக்கு ஆர் பொம்பிளை தருவினம்?"

"அதுக்காண்டித்தான் எனக்குச் சொல்லேல்லை" என்றாள் கஜந்தினி.

"படுக்கையில கிடந்த உம்மட பெரியத்தையை நீர்தான் வைச்சுப் பாத்தனீர் எண்டு கிருபானந்தன் அண்ணை சொன்னவர். உமக்குப் பழக்கம் எண்டு நினைச்சன்."

"நீங்கள் வேலைக்குப் போகேக்க இந்தத் திறாங்கை என்ன செய்வியள்? நான் இதுக்கு உள்ளுக்கை இருப்பனோ, வெளியில இருப்பனோ?"

ரதீசன் தாழ்ப்பாளைப் பார்த்தான். அதை முன்பே யோசித்திருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அதுதான் எல்லாரையும் கூடுதலாகப் பயப்படுத்தியது. கஜந்தினி கிழவியின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விடுவித்துவிட்டுக் குணேஸ்வரிக்குப் பின்னால் போய் ஒதுங்கினாள்.

"நான் இஞ்சை வரேல்லைப் பெரியம்மா. எனக்குப் பயமாயிருக்கு."

அப்போதுதான் ரதீசனின் குரல் மாறியது. "அப்பிடிச் சொல்லேலாது. எழுத்து முடிஞ்சுது. சட்டப்படி இவ என்ர மனிசி. நான் ஸ்பொன்சரை இழுத்தனெண்டால் அடுத்த பிளேனில திரும்பிப் போகவேண்டியதுதான். மாமா, நீங்கள் பெரியாள். நீங்கள் சொல்லுங்கோ."

எல்லாரும் குணரத்தினத்தைப் பார்த்தார்கள். அந்த மனுசன் இவ்வளவு நேரமும் பலகாரத் தட்டத்தோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. சண்டை சச்சரவு என்றால் நாலு வீடு தள்ளி நிற்கிற ஆள். தட்டத்தைக் கீழே வைக்க இடம் தேடினார். இடமில்லை. பிடித்தபடியே கதைத்தார்.

"தம்பி, எழுத்து எழுதினது நீங்கள். அதை நான் அழிக்க ஏலாது. கையைப் பிடிச்சுத் தாறது நான். நான் தரேல்லை."

"மாமா, அது சும்மா சடங்குதானே."

"நானும் நேற்றுவரை அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்" என்றார் குணரத்தினம். தட்டத்தை ரதீசனின் கையில் கொடுத்தார். "அம்மாவுக்கு உதிர்த்துக் குடுங்கோ. முறுக்குக் குடுக்காதேங்கோ, பல்லுக்கு ஏலாது."

அவர்கள் படி இறங்கி வாசலைக் கடக்கும்போது மேலே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. கஜந்தினி காரை நோக்கி ஓடத் தொடங்கினாள். சறுக்கி விழப்பார்த்தவளைக் குணேஸ்வரி எட்டிப் பிடித்தாள். காருக்குள் ஏறியும் பற்கள் கிட்டியபடியே இருந்தன. பாலத்தில் ஏறும்போதுதான் கேட்டாள்.

"பெரியம்மா, என்னைத் திருப்பி அனுப்புவினமோ?"

"வெருட்டுறதுக்குச் சொல்லுறது. நீ இறங்கின அண்டே இஞ்சத்தை ஆள். எண்டாலும் நாளைக்கு ஒரு லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போறன்." குணேஸ்வரி திடமாகத்தான் சொன்னாள். அவளுக்கும் உள்ளுக்குள் உதறல் இருந்தது.

கொஞ்சத் தூரம் போய்க் கஜந்தினி திரும்பக் கேட்டாள். "அந்த மனுசிக்கு இனி ஆர் இருக்கினம்?"

"அவவுக்கு மகன் இருக்கிறான் பிள்ளை" என்றாள் குணேஸ்வரி. "அவனுக்கு உதவிக்கு ஆள் கேட்டு நானே போன் எடுக்கிறன். சனம் அறிஞ்சால் அறியட்டும். ஆனால் அந்த ஆள் நீயில்லை."

வீட்டுக்கு வந்ததும் குணரத்தினத்தின் போன் அடிக்கத் தொடங்கியது. கிருபானந்தன்தான். அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது. இனி ஊர் முழுக்க அடிக்கும். வருசக் கணக்காகச் சேர்த்த மரியாதை ஒரு பின்னேரத்தில் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். போனைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

கஜந்தினி வாசலடியில் நின்ற சூட்கேசை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். சிப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு சேலையோடு கதவடியில் வந்து நின்றாள். கண் அழுது வீங்கியிருந்தது.

"பெரியம்மா, ஹாங்கர் ஒண்டு இருக்குமோ?"

குணேஸ்வரி எழும்பமுன் குணரத்தினம் எழும்பினார். அலுமாரியைத் திறந்து, பட்டு வேட்டியைப் பிளாஸ்டிக் உறையோடு உருவிக் கட்டிலில் போட்டுவிட்டு, வெறும் ஹாங்கரைக் கொண்டுவந்து பெட்டையின் கையில் கொடுத்தார்.